பேட்டரி மாற்றிய பாவி

வோலோஸ்,
பிப்ரவரி 3

தரைப்படையில் முப்பத்தோரு வருஷம் புதுச் சிப்பாய்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவரும், என் மருமகள் ஃபோடினியைப் பெற்றவரும், லாரிசா நகரவாசியுமாகிய மதிப்பிற்குரிய சம்பந்தி ஆர்யிரிஸ் அவர்களுக்கு, வோலோஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்த ஸ்டெர்யோஸ் தலைகுனிந்து எழுதிக்கொண்டது.

இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். "பொய்யிலயா ஆரம்பிக்கிறீங்க?" என்று என் சம்சாரம் லெமோனியா கேட்டாள். ஆகவே உள்ளபடி எழுதுகிறேன். லெமோனியா நலம். மாடியில் பிள்ளையும் மருமகளும் நலம். பாப்பாவுக்கு இரண்டாவது பல் வந்திருக்கிறது. நான் நலமில்லை. சாப்பாடு இறங்கவில்லை, இறங்கினாலும் ருசிக்கவில்லை.

பதினோரு தடவை போன் செய்தேன். நீங்கள் எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். போன வியாழக்கிழமை பஸ் ஏறி லாரிசாவுக்கே வந்தேன். உங்கள் வீட்டு மணியை மூன்று தடவை அடித்தேன். திரைச்சீலை அசைந்தது, கதவு அசையவில்லை. மழை வேறு. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, "அவர் உள்ளதான் இருக்கார், நீங்க யாரு?" என்றாள். "சம்பந்தி" என்றேன். "ஓ, அந்தச் சம்பந்தியா?" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். லாரிசா வரைக்கும் என் பெயர் நாறியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தைப் பாதியில் 'டக்'கென்று வைக்க முடியாது பாருங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அதற்கு முந்தைய மூன்று வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டால் அது பாதி மன்னிப்பு.

நாலு வருஷத்துக்கு முன்னால் நம் பிள்ளைகள் கல்யாணத்தில், உங்கள் படைச் சிநேகிதர்கள் மேஜையில் என்னை நீங்கள் எப்படி அறிமுகப்படுத்தினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "இவர் என் சம்பந்தி. இவரும் பட்டாளத்துல இருந்தவர்தான். உருளைக்கிழங்குப் படை!" என்றீர்கள். நான் கட்டாயச் சேவை முழுவதையும் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தே கழித்தவன், மறுக்கவில்லை. ஆனால் அன்று சிரித்த ஒன்பது பேர் முகமும் எனக்கு இன்னும் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஈஸ்டருக்கும், அவரவர் பெயருக்குரிய புனிதரைக் கொண்டாடும் ஒவ்வொரு பெயர்த் திருநாளுக்கும் நீங்கள் அதையே சொன்னீர்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பு வெளியே போயிற்று, மற்றது உள்ளேயே தங்கிவிட்டது.

இந்த நிலைமையில்தான் டிசம்பரில் என் பிள்ளை அபோஸ்டோலிஸ் அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கி மாடியில் டிவியோடு மாட்டினான். இரண்டாம் உலகப் போர் விளையாட்டு. ஒரு கையில் ரிமோட் மாதிரி ஒன்று, அதுதான் துப்பாக்கி. இன்னொரு கையில் வயர் வைத்த ஒரு பிடி, அதுதான் கால். டிவியை நோக்கிக் கையை நீட்டினால் திரையில் ஒரு சின்ன வட்டம் வரும். கை போகிற பக்கமெல்லாம் அதுவும் போகும். ஆள் மேல் வட்டம் நிற்கும்போது பொத்தானை அழுத்தினால் சுடும். குலுக்கினால் தோட்டா நிரம்பும். கையை ஓங்கி வீசினால் கையெறி குண்டு போகும். பிள்ளையும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனதும், லெமோனியா பாப்பாவைத் தூங்க வைத்ததும், கானரிக் குருவிக்குத் தீனி வைக்கிறேன் பேர்வழி என்று நான் மாடிக்குப் போய்விடுவேன். அந்தக் குருவி மூன்று வாரத்தில் புறா மாதிரி ஆகிவிட்டது.

முதல் நாள் முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றினேன். போர் எங்கேயோ நடந்தது. நான் மேகம் பார்த்தேன். மூன்றாம் நாள் எறிந்த கையெறி குண்டோடு ரிமோட்டும் கையை விட்டுப் போய், அலமாரியில் இருந்த சீமைமாதுளம்பழப் பாகு ஜாடியில் விழுந்து, சோபா முழுக்கப் பாகு. குருவி தள்ளிவிட்டது என்று சொன்னேன். கூண்டுக்குள் இருக்கிற குருவி எப்படி மாமா ஜாடியைத் தள்ளும் என்று ஃபோடினி கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு. உங்கள் வளர்ப்பு. ஒரு நாள் லெமோனியா மேலே வந்தபோது நான் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தேன்.

"என்னத்தத் தேடுறீங்க?"

"பேசாத. தலையைக் குனி. மூணு பேர் சுவத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறானுங்க."

"அந்தப் பக்கம் குளியலறைதான் இருக்கு" என்றாள். பிறகு என் முழங்காலைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கே அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் இன்றைக்கு நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் பழியை அவள் மேல் போட மாட்டேன். குருவி மேல் போட்டதே போதும்.

ஜனவரி ஆறு, ஃபோடினியின் பெயர்த் திருநாள். துறைமுகத்தில் பாதிரியார் கடலை ஆசீர்வதித்துச் சிலுவை எறிவதைப் பார்த்துவிட்டு எல்லோரும் நேரே மாடிக்கு வந்தோம். பதினஞ்சு பேர். ஆட்டுக்கறி ஆச்சு, கீரை அடை ஆச்சு, திசிப்புரோச் சாராயம் இரண்டு சுற்று ஆச்சு. நீங்கள் வழக்கம்போல "உருளைக்கிழங்கு அருமையா வெந்திருக்கு, சம்பந்தி கைப்பக்குவமா?" என்று கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் எந்திரிச்சுப் போயி டிவியப் போட்டேன்.

"வாங்க சம்பந்தி, நிஜப் பட்டாளத்துக்காரர் எப்படிச் சுடுவார்னு நாங்களும் பாப்போம்" என்றேன். முதல் தடவையாக விளையாடுகிறவன் மாதிரி ரிமோட்டைத் தலைகீழாக வேறு பிடித்தேன். அந்த நடிப்புக்கே எனக்கு நரகத்தில் ஒரு தனி அறை உண்டு.

நீங்கள் வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள். "சின்னப் பசங்க வெளையாட்டு" என்றீர்கள். நான் விடவில்லை. கடைசியில் வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து ரிமோட்டை வாங்கினீர்கள். அந்தக் கை அன்று முழுக்கப் பைக்குள்ளேயே இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். கிரேனில் முப்பது வருஷம் உட்கார்ந்து, அறுபதடிக்குக் கீழே கொக்கி ஒரு சாண் ஆடினாலும் கண்டுபிடித்தவன் நான். பக்கத்தில் இருந்த கையைப் பார்க்கவில்லை.

திரை இரண்டாகப் பிரிந்தது. மேல் பாதி நீங்கள், கீழ்ப் பாதி நான். இருபது விநாடியில் உங்களைச் சுட்டேன். மறுபடி சுட்டேன். ஆறு தடவை. அதில் அஞ்சு தடவை நேர்மையாக. ஆறாவது தடவை நீங்கள் திரும்பத் தெரியாமல் ஒரு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தீர்கள், முதுகில் சுட்டேன். அது சரியில்லை. விளையாட்டில் அதற்கும் அதே புள்ளிதான் தருகிறார்கள், ஆனாலும் சரியில்லை.

அதோட நிறுத்தியிருக்கலாம். நான் மேல் பாதியப் பாத்தேன். உங்க வட்டம் சல்லடை மாதிரி ஆடிக்கிட்டிருந்துச்சு. நிக்கவே இல்ல. என் வாயில சனி உக்காந்திருந்தான். "பாருங்க பாருங்க! சார்ஜன்ட்டுக்குக் கை நடுங்குது! பொம்மை எதிரியப் பாத்தே இந்த நடுக்கம்னா, நெசமாவே சண்டை வந்திருந்தா நாட்டோட கதி என்ன?"ன்னு கத்துனேன். பதினஞ்சு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. என் கொழுந்தியா தொமாயிக்குப் புரையேறிடுச்சு. நாலு வருஷமா காத்திருந்த சிரிப்பு சம்பந்தி அது. தேன் மாதிரி இருந்துச்சு எனக்கு. அத மறைக்க மாட்டேன்.

நீங்க மெதுவா, "பேட்டரி சரியில்ல போல"ன்னு சொன்னீங்க.

யாராச்சும் மனுஷனா இருந்தா அங்கேயே "ஆமாமா, பேட்டரிதான்"ன்னு சொல்லி டிவிய அணைச்சிருப்பான். நான் பேட்டரி மாத்துனேன். அலமாரியத் தொறந்து, புதுப் பொட்டலத்தப் பிரிச்சு, இரண்டு பேட்டரி போட்டு, "இந்தாங்க, இனிமே சாக்கு சொல்லக் கூடாது"ன்னு உங்க கையில குடுத்தேன். வட்டம் ஆடுச்சு. அது போதாதுன்னு உங்ககிட்டேருந்து அத வாங்கி அபோஸ்டோலிஸ் கையில குடுத்தேன். ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. மறுபடி உங்க கையில குடுத்தேன். மறுபடி ஆடுச்சு. கிரேன் பழுது பாக்குறவன் மாதிரி, எங்க கோளாறுன்னு பதினஞ்சு பேருக்கு முன்னால கண்டுபிடிச்சுக் காட்டுனேன்.

அப்பதான் சிரிப்பு நின்னுச்சு. ஃபோடினி டிவியப் பாக்கல. உங்க கையப் பாத்தா. "அப்பா, எத்தனை நாளா?"ன்னு கேட்டா. நீங்க ரிமோட்டத் தூங்குற குழந்தையக் கெடத்துற மாதிரி மேஜை மேல வெச்சீங்க. கோட்டு எடுத்து மாட்டுனீங்க. மேல் பொத்தான் மாட்ட ரொம்ப நேரமாச்சு. உதவிக்கு வர ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. நானா? எனக்கு இன்னும் உறைக்கல. "ஒரு ஆட்டம் பாக்கி இருக்கே சம்பந்தி"ன்னேன். கதவு சாத்துனப்புறம் லெமோனியா என்னப் பாத்த பார்வை இருக்கே, அத நான் எழுத மாட்டேன்.

பிறகு ஃபோடினி சொல்லித்தான் மற்றதெல்லாம் சேர்த்துப் பார்த்தோம். போன ஈஸ்டரிலிருந்தே நீங்கள் காபியை அரைக் கோப்பைதான் கேட்பீர்கள். வயிறு சரியில்லை என்பீர்கள். பாப்பா பிறந்து எட்டு மாசம் ஆகிறது. ஒரு தடவைகூட நீங்கள் அவளைத் தூக்கவில்லை. "பட்டாளத்து ஆள், அவருக்குப் பாசம் கம்மி"ன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான். துறைமுகக் காபிக் கடையில் சொன்னேன், சலூனில் சொன்னேன், பாதிரியாரிடம்கூடச் சொன்னேன். கைதவறிப் போட்டுவிடுவோமோ என்று பயந்து தூரத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அந்த எட்டு மாசத்தையும் நான் தப்பாகவே படித்திருக்கிறேன். சலூன்காரனிடம் போய் மாற்றிச் சொல்லிவிட்டேன். பாதிரியாரிடமும் சொன்னேன். காபிக் கடையில் அன்றைக்குக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கிடைக்கவில்லை. ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி இரண்டே வேண்டுகோள். ஒன்று, நரம்பு டாக்டரைப் பாருங்கள். உங்கள் மகள் நேரம் வாங்கி வைத்திருக்கிறாள். நீங்கள் பிடிகொடுக்கவில்லை என்று அழுகிறாள். இரண்டு, ஈஸ்டர் முடிந்து ஞானஸ்நானம். பாப்பாவுக்கு உங்கள் பெயரைத்தான் வைக்கிறார்கள், ஆர்யிரோ என்று. "எங்கப்பா வராம பேர் வெக்க மாட்டேன்"னு ஃபோடினி சொல்லிவிட்டாள். நீங்கள் வராவிட்டால் அந்தப் பெண் 'பாப்பா' என்ற பெயரிலேயே பள்ளிக்கூடம் போய், 'பாப்பா' என்ற பெயரிலேயே கல்யாணம் கட்டுவாள். என் முகத்தில் முழிக்க வேண்டாமென்றால் சொல்லுங்கள், நான் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவர் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். விளையாட்டுப் பெட்டியை அபோஸ்டோலிஸ் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டான். நான் அந்தப் பக்கம் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

தெரியாமல் செய்தேன் என்று எழுதமாட்டேன். உங்கள் கைக்கு என்ன என்று தெரியாது; ஆனால் உங்களைச் சிறுமைப்படுத்த வேண்டும் என்று தெரிந்தே மூன்று வாரம் பயிற்சி எடுத்தவன். அதற்குத்தான் மன்னிப்பு. உங்கள் கையும் மனசும் ஆறுதல் அடைய மாதாவை வேண்டுகிறோம். லெமோனியாவின் வணக்கமும், பிள்ளைகளின் முத்தங்களும், பாப்பாவின் இரண்டு பற்களும் இத்துடன்.

என்றும் வெட்கத்துடன்,
உங்கள் சம்பந்தி
ஸ்டெர்யோஸ்

பின்குறிப்பு: உறையில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தபோது நீங்களே போன் செய்தீர்கள். போனில் பேசியதை மறந்துவிட்டேன் என்று பிறகு நீங்கள் மாற்றிப் பேசக் கூடாது என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

"யோவ், மன்னிப்புக் கடுதாசி எழுதுறியாமே? உன் சம்சாரம் சொன்னாங்க."

"ஆமா சம்பந்தி. நாலு பக்கம்."

"அனுப்பாத."

"ஏன்?"

"டாக்டரப் பாத்துட்டேன். நேத்து. மாத்திரை குடுத்திருக்கான், போகாது, கொஞ்சம் மட்டுப்படும்னான். கை விஷயம் வெளிய தெரிஞ்சதுலேருந்து எல்லாரும் எங்கிட்ட மெதுவாப் பேசுறாங்கய்யா. எதிர்வீட்டுக்காரி சூப் கொண்டாந்து குடுக்குறா. எம்பொண்ணு தெனம் மூணு வேளை 'எப்படிப்பா இருக்க'ங்கறா. நான் யார் மேல கோவப்பட? கோவப்படறதுக்குன்னு எனக்கு மிச்சம் இருக்கறது நீ ஒருத்தன்தான். நீயும் மன்னிப்புக் கேட்டுத் தொலைச்சா நான் என்ன பண்ணுவேன்?"

ஆகவே சம்பந்தி அவர்களே, மேலே நான்கு பக்கங்களில் கேட்ட மன்னிப்பு முழுவதையும் இதன் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. முதுகில் சுட்டதும் சரிதான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு லாரிசா வருகிறேன். குரலைச் சரிபண்ணி வைத்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி திட்டுங்கள்.