பிரவுசர் கட்டிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில், சிக்னல் நன்றாகவே கிடைக்கிற ஒரு காட்டில், கூர்மதி என்றொரு முள்ளம்பன்றி தன் மனைவி தாழையோடும் மூன்று குட்டிகளோடும் ஒரு வளையில் குடியிருந்தது. நல்ல வளை. முன்வாசல், பின்வாசல், மழைத் தண்ணீர் ஏறாத மேட்டு அறை, எல்லாம் உண்டு. கூர்மதிக்கு ஒரே ஒரு குறைதான். தான் அறிவாளி என்பது மற்ற மிருகங்களுக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் வனத் தாசில்தார் அலுவலகம் ஓர் உத்தரவு போட்டது. வளைக்காரர்கள் எல்லாரும் ஆன்லைனில் பட்டாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை கெடு. தவறினால் வளை வேறொருவருக்கு ஒதுக்கப்படும். யாருக்கு என்று உத்தரவில் இல்லை. ஆனால் அன்றைக்கே ஒரு நரி வந்து, மேட்டு அறையை அடி வைத்து அளந்துவிட்டுப் போனது.

கூர்மதியின் பழைய லேப்டாப் இயங்குதளம் எதுவும் இல்லாமல் காலியாகக் கிடந்தது. பக்கத்து வளை முயல் பொன்னரளி ஒரு பென் டிரைவோடு வந்தது.

"அண்ணே, இதுல ரெடியா ஒரு லினக்ஸ் இருக்கு. இருபது நிமிஷத்துல ஏறிடும். ஏத்திட்டு விண்ணப்பத்தை அனுப்பிடுங்க."

கூர்மதிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "ரெடிமேடா? யாரோ கட்டி வச்சதுல நான் போய் குடியிருக்கணுமா? எனக்குக் கத்துக்கவும் வேணும், தினமும் புழங்கவும் வேணும்."

அது குடியிருந்த வளை, ஓர் எறும்புத்தின்னி தோண்டி விட்டுவிட்டுப் போனது. அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

குளக்கரையில் மூலநிரல் சங்கம் என்று ஒன்று இருந்தது. லினக்ஸை ஆயத்தமாக வாங்கிப் போடுவது கேவலம், எழுதியபடியே இருக்கும் மூலநிரலை இறக்கி அவரவர் கணினியிலேயே இயங்கும் வடிவுக்குக் கம்பைல் செய்து கட்டிக்கொள்வதுதான் மரியாதை என்பது அதன் கொள்கை. கடையில் இட்லி மாவு வாங்குகிறவர்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த ஜாதி. உறுப்பினர் இருவர். ஒன்று கரடி, இன்னொன்று உடும்பு. இருவரும் ஒருவரோடொருவர் பேசி நான்கு வருடமாகிறது. ஆனால் கூட்டம் தவறாமல் நடக்கும். கூர்மதி அங்கே போய் யோசனை கேட்டது.

"கத்துக்கணும்னா 'ஆதி'ங்கற லினக்ஸ்தான்" என்றது கரடி. "புத்தகத்தைப் பாத்து ஒவ்வொண்ணா உன் கையால கட்டணும். முதல்ல ஒரு கம்பைலரைக் கட்டு. அதை வச்சு இன்னொரு கம்பைலரைக் கட்டு."

"கட்டினா?"

"ஒரு கறுப்புத் திரை வரும். அதுல உன் பேரு இருக்கும்."

"பிரவுசரு?"

"அது ரெண்டாவது புத்தகம்."

உடும்பு குளத்தைப் பார்த்துச் சொன்னது: "தம்பி, அதெல்லாம் படிக்கத்தான் லாயக்கு. தினமும் புழங்கணும்னா 'அரைவை'ங்கற லினக்ஸைப் போடு. என்ன வேணும், என்ன வேண்டாம்னு ஒரு ஃபைல்ல எழுதிட்டா அதுவே கம்பைல் பண்ணிக்கும். வேண்டாததைச் சரியா எழுதறான் பாரு, அவன்தான் ஆளு."

"நீங்க உங்க பட்டாவுக்கு எதுல விண்ணப்பிச்சீங்க?" என்று கூர்மதி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டும் செல்போனில்தான் விண்ணப்பித்தன என்பது தெரிந்திருக்கும்.

ஆதியா அரைவையா என்ற விவாதம் ஒன்பது நாள் நடந்தது. பிறகு கூர்மதி பத்து நாள் ஆதியைக் கட்டியது. கறுப்புத் திரை வந்தது, பெயரும் வந்தது. குட்டிகள் கை தட்டின. தாழை தட்டவில்லை.

"என்னங்க, இதுல விண்ணப்பம் போட முடியுமா?"

"இது கத்துக்க. புழங்கறதுக்கு அடுத்தது வருது."

அதை அழித்துவிட்டு அரைவையை ஆரம்பித்தது. வேண்டாதவற்றின் பட்டியலை மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது. பிரிண்டர் வேண்டாம். புளூடூத் வேண்டாம். கேமரா? "நம்ம மூஞ்சியை யாரு பாக்கப் போறா?" என்று அதையும் வேண்டாம் என்று எழுதியது. பட்டியலைப் பார்த்து உடும்பு முதுகில் தட்டிக்கொடுக்கப் போய், முள்ளைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டது.

கடைசி வியாழக்கிழமை பிரவுசர் கம்பைல் ஆகத் தொடங்கியது. பதினோரு மணி நேரம். லேப்டாப் கொதித்தது.

"பொன்னரளி போனைத் தரேங்குது, அதுலயே போட்டுடலாம்" என்றது தாழை.

"போன்லயா? அதுக்குள்ள என்ன ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"நம்ம வீடு ஓடப்போகுதுங்க. அது தெரியும்."

வெள்ளி காலை பிரவுசர் தயார். பொன்னரளியின் பிரவுசரைவிட அரை விநாடி முந்தித் திறந்தது. கூர்மதி அதை நாற்பது முறை மூடித் திறந்து அளந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பி, பாராட்டு வரும்வரை காத்திருந்தது. மதியம் இரண்டு மணிக்குத்தான் விண்ணப்பத்தைத் திறந்தது. பெயர், வளை எண், வாசல்கள், குட்டிகள் என்று எல்லாம் நிரப்பியது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

'முகத்தைக் கேமராவுக்கு நேராகக் காட்டவும்.'

தாழை அலறிக்கொண்டு ஓடி, பொன்னரளியின் போனை வாங்கி வந்தது. போன் சொன்னது: 'உங்கள் விண்ணப்பம் வேறொரு கருவியில் தொடங்கப்பட்டுள்ளது. அதிலேயே நிறைவு செய்யவும்.'

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கூர்மதி துள்ளியது. "தாழை, பட்டியல்ல ஒரே ஒரு வரிதான் தப்பு! மாத்திட்டேன். இனி திரும்ப ஒரு தடவை கம்பைல் பண்ணிட்டா போதும்."

"எவ்வளவு நேரம்?"

"பதினோரு மணி நேரம்."

ஐந்து மணிக்கு நரி ஒரு தகரப் பெட்டியோடு வந்தது. முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் உள்ளே நுழைந்தது.

தாழையையும் குட்டிகளையும் பொன்னரளி தன் வளையில் சேர்த்துக்கொண்டது. கூர்மதிக்கு இடமில்லை என்று சொன்னது தாழைதான்.

கூர்மதி இப்போது குளக்கரையில் இருக்கிறது. சங்கத்தின் மூன்றாவது உறுப்பினர். போன வாரம் ஒரு கீரி, கையில் லேப்டாப்போடும் பின்னால் குடும்பத்தோடும் வந்தது.

"அண்ணே, கத்துக்கவும் வேணும், தினமும் புழங்கவும் வேணும். எதைப் போடலாம்? திங்கக்கிழமை கெடு."

"அவசரப்படாத தம்பி" என்றது கூர்மதி. "முதல்ல உக்காரு."

நீதி: யோசனை கேட்பதென்றால் வளையை இழந்தவரிடமே கேளுங்கள், வளை உள்ளவருக்கு உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.