காலருக்குள் மூன்று புள்ளி

ஒரு விடுகதை போடுகிறேன். கறுப்பாக இருக்கும், மச்சம் இல்லை. எழுதியிருக்கும், கடிதம் இல்லை. உங்கள் கழுத்துக்குப் பின்னாலேயே இருக்கும், உங்களால் பார்க்க முடியாது. உங்கள் மனைவி பார்ப்பாள். அது என்ன?

யோசியுங்கள். எனக்கு விடை தெரிய மூன்று மாதம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு ஆகாது. உங்களுக்கு இடையில் சொறிகிற வேலை இல்லை.

நகரியில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. தறி என் காலில் ஆடும். நான் என் மனைவி அம்சவேணியின் சொல்லில் ஆடுவேன். அவள் பிறந்த ஊர் திருத்தணி. திருத்தணி ஆந்திராவில் இருக்குமா, மெட்ராஸ் பக்கம் போகுமா என்று இரண்டு அரசாங்கங்களும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மலையேறியவள், முருகனிடம் நேரிலேயே பேசிவிட்டு வந்தாள்.

“வேண்டிக்கினேன். எங்க ஊரு மெட்ராஸ்ல சேர்ற வரைக்கும் நம்ம வூட்ல கவுச்சி கெடையாது.”

“நம்ம வூடுன்னா யாரு யாரு?”

“உங்க பேரைத்தான் மொதல்ல சொன்னேன்.”

பத்திரிகைகள் எல்லாம் எல்லை முடிந்தே போய்விட்டதுபோல எழுதிக்கொண்டிருந்தன. பத்து நாள் சமாசாரம் என்று நினைத்தேன். எல்லைக் கல் நடுவதற்குள் என் நாக்கு கல்லாகிவிட்டது. மூன்றாவது வாரம் கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்தபோது ஒரு மகத்தான யோசனை தோன்றியது.

சித்தூரில் எல்லைக் கமிட்டி ஒன்றை ஆரம்பித்தேன். அதற்குத் தலைவர் கிடையாது, கட்டடம் கிடையாது, வேறு அங்கத்தினர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் மட்டும் உண்டு. திருத்தணிக்காகப் பாடுபடப் போகிறேன் என்றதும் அம்சவேணி விபூதி இட்டு, வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

கூட்டம் நடந்த இடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மிலிட்டரி ஓட்டல். அங்கே நான் கொண்டுவந்த ஒரே தீர்மானம், இன்னொரு நல்லி எலும்பு. அது வாராவாரம் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

ஆனால் கறிக்குழம்புக்கு வெள்ளைச் சட்டை என்றால் ஒரு பிரியம். முதல் வாரமே மார்பில் சொட்டியது. நல்ல வேளையாகப் பையில் மாற்றுச் சட்டை இருந்தது. ஓட்டலுக்குப் பக்கத்திலேயே நாகையா என்பவர் துணி வெளுத்துக்கொண்டிருந்தார். கறை பட்ட சட்டையை அவரிடம் போட்டேன். அடுத்த வாரம் அதை வாங்கி அணிந்துகொண்டு, புதுக் கறையை அவரிடம் கொடுத்தேன். இப்படி இரண்டு சட்டைகளும் மாறி மாறிப் பணியாற்றின. வீட்டுக்கு வரும்போது நான் போனதைவிட வெளுப்பாக இருப்பேன்.

அப்போதுதான் அரிப்பு வந்தது.

பிடரியில், காலர் படுகிற இடத்தில். முதலில் சிவப்பு. அப்புறம் பொடிப்பொடியாகக் கொப்புளம். அப்புறம் தறியை நிறுத்திவிட்டு, தறிக்கம்பத்தில் பிடரியைத் தேய்க்கிற நிலைமை. ஆனால் கெட்டதிலும் நான் நல்லதைப் பார்க்கிறவன்.

“அம்சா, இது கத்தரிக்காய்ச் சூடு. கரப்பான். காய்கறியே துன்னுக்கினு இருந்தா உடம்பு தாங்குமா?”

“அப்ப கத்தரிக்காயை நிறுத்திடலாம்.”

“எல்லாத்தையும் நிறுத்திடு.”

“எல்லாத்தையும் ஒண்ணா நிறுத்துனா எதால வந்துச்சின்னு எப்படித் தெரியும்? வாரத்துக்கு ஒண்ணு.”

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வாரம் ஒரு காயாக ஒழிந்தால் கடைசியில் மிஞ்சுவது ஆடுதானே? எங்கள் மகள் சுலோசனா இரண்டாம் வகுப்பு. பழைய சிலேட்டில் ஏழு கட்டம் போட்டு, கிழமைகளின் முதல் எழுத்தை எழுதி, நான் சொறிகிற நாளுக்கெல்லாம் ஒரு கோடு போடும் உத்தியோகம் அவளுக்கு. சாயங்காலமானால் எதிரே உட்கார்ந்து என் கையையே பார்ப்பாள். கை சற்று மேலே போனாலே பலப்பத்தை எடுத்துவிடுவாள்.

கத்தரிக்காய் போயிற்று. அரிப்பு போகவில்லை. சேப்பங்கிழங்கு போயிற்று. பூசணி, வாழைக்காய், அவரை எல்லாம் வரிசையாக விடைபெற்றன. ஏழாவது வாரம் என் இலையில் ரசமும் சோறும் இருந்தன. ஆடு வரவில்லை.

நடுவில் திருப்பதிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் தெலுங்கில் பொறுமையாக விசாரித்தார். புதிதாக ஏதாவது சாப்பிட்டதுண்டா, புது இடம் போனதுண்டா, புதிதாக ஏதாவது உடுத்தியதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பக்கத்தில் அம்சவேணி நின்றிருந்தாள். மூன்றுக்கும் லேது என்றேன். வெள்ளைக் களிம்பு கொடுத்தார். களிம்பு தீர்ந்தது.

பதினோராவது வாரம் அம்சவேணி சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆரம்பிக்குது. திங்கள், செவ்வாய் தாங்கல. வெள்ளி, சனி ஒரு கோடும் இல்ல. துன்றது ஏழு நாளும் துன்றீங்க. இது சோத்துல இல்ல.”

“பின்ன?”

“தறியில குந்தும்போது வெறும் உடம்பு. சட்டை போடறது ஞாயித்துக்கெழம மட்டும்தான்.”

பழியை உடனே வேறு தலைக்கு மாற்றியாக வேண்டும். எங்கள் துணியை வெளுப்பவர் துலுக்காணம். வெளுக்கப் போடும் உழமண்ணைச் சரியாக அலசாமல் விடுகிறார், அதுதான் கழுத்தைத் தின்கிறது என்று உரக்கச் சொன்னேன். உரக்கச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஆளனுப்பி அவரையே வரவழைத்தேன். எனக்கு எதிராக ஒரு சாட்சி தேவைப்பட்டது. அவரை நானே கூப்பிட்டுக் கொடுத்தேன்.

துலுக்காணம் ரோஷக்காரர். முப்பது வருஷமாக நகரியில் ஒரு கழுத்தும் தன்னால் சிவந்ததில்லை என்றார். சட்டையை வாங்கிக் காலரைத் திருப்பினார். உள்ளே, சரியாக என் கொப்புளம் இருக்கும் இடத்தில், மூன்று கறுப்புப் புள்ளியும் அடியில் ஒரு கோடும் இருந்தன.

விடுகதைக்கு விடை அதுதான். சலவைக் குறி.

எங்கள் ஊரில் அது கிடையாது. வீட்டுக்கு வீடு நூல் இருக்கும்போது மசி எதற்கு? துணியின் ஓரத்தில் கலர் நூலால் இரண்டு தையல் போட்டால் அடையாளம் ஆயிற்று. எங்கள் வீட்டு நூல் மயில்கழுத்து நீலம். பிறந்தது முதல் அதையே பார்த்த நான், வெளியூரில் காலருக்குள் எழுதுவார்கள் என்பதை மறந்துபோனேன்.

“இது சேங்கொட்டைப் பாலும்மா,” என்றார் துலுக்காணம். “எத்தினி வெளுத்தாலும் போவாது. சில உடம்புக்கு ஆவாது, பொங்கிடும். இந்தக் குறி என் சகலை நாகையாது. சித்தூர்ல கீறாரு.”

அம்சவேணி என்னைப் பார்த்தாள். ரகசியத்தோடு என் மானமும் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. வாய் தானாகப் பேசியது. கூட்டத்தில் ஒரே நெரிசல் என்றும், எல்லாரும் சட்டையைக் கழற்றிக் கொடியில் மாட்டுவோம் என்றும், யாரோ மாற்றி எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

“அப்படித்தான் இருக்கும்,” என்றாள்.

அவ்வளவுதான். அந்தச் சட்டையைத் துலுக்காணத்தையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். எட்டு நாளில் கழுத்து சந்தனக்கட்டைபோல ஆயிற்று. கமிட்டியைக் கலைத்துவிட்டோம் என்று அறிவித்தேன்.

“அதுக்குள்ளவா? இன்னும் எல்லை பிரிக்கலியே.”

“எங்க வேலை முடிஞ்சிபோச்சி.”

அதற்கும் தலையாட்டினாள். தப்பித்தேன் என்று எண்ணி, நான்கு மாதம் ரசத்தை மனப்பூர்வமாகக் குடித்தேன்.

அறுபதாம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மெட்ராஸில் சேர்ந்தது. அந்தத் தேதியைப் பார்த்தாவது நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று பொறுத்தோம். சனிக்கிழமை மலையேறிக் கற்பூரம் ஏற்றினோம். ஞாயிறு காலை அம்மியில் மசாலா அரைபடும் சத்தம் கேட்டு நான் தறியில் இரண்டு இழை அறுத்தேன்.

மூன்று இலை போட்டாள். தன் இலையில் கறி. சுலோசனா இலையில் கறி. என் இலையில் கத்தரிக்காய்.

“இன்னா இது?”

“பதினோரு ஞாயித்துக்கெழம நேந்துக்கினத உட்டுட்டீங்க. அந்தப் பதினோரு வாரத்தையும் கவுச்சி இல்லாம இருந்து முடிங்க. முருகனுக்குப் பாக்கி வைக்கக் கூடாது.”

“யாரு சொன்னது?”

“நாகையா எந்த ஓட்டலுக்குப் பக்கத்துல துணி காயப்போடறாருன்னு அன்னைக்கே துலுக்காணத்தைக் கேட்டுக்கினேன்.”

மாடத்திலிருந்து சிலேட்டை எடுத்து வைத்தாள். ‘ஞா’ கட்டத்தில் பதினோரு கோடு. ஒன்றுகூட அழியவில்லை. நான் கெஞ்சினேன். கழுத்து பட்ட பாடே தண்டனை இல்லையா என்றேன். அம்சவேணி யோசித்தாள்.

“நான் கோவத்துல கீறேன். நான் சொல்றது நியாயமா இருக்காது. சிலேட்டு அவளுது. சுலோசனா, நைனாவை மன்னிச்சிட்டன்னா கோட்டை அழிச்சிடு, நைனா கறி துன்னட்டும். நல்லி ஒண்ணே ஒண்ணுதான் கீது. அழிச்சா நைனாவுக்கு. அழிக்காட்டி உனக்கு.”

நான் என் மகளை மிகுந்த பாசத்தோடு பார்த்தேன். பதிலுக்கு அவளும் பார்த்தாள்.

பிறகு சுலோசனா சிலேட்டை எடுத்து, கோடு அழியாமல் பிடித்துக்கொண்டு போய் மாடத்தில் வைத்துவிட்டு வந்து, நல்லியை எடுத்துக்கொண்டாள்.