கோழிக்கடை மாடியில் ஒரு கப்பித்தான்

பெங்களூருக்குக் கடல் கிடையாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். லிங்கராஜபுரத்தில், ஒரு கோழிக்கறிக் கடைக்கு மேல் மாடியில், ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடல் இருந்தது. அலை உண்டு, சூறாவளி உண்டு, சுறா உண்டு. நானே அதில் செத்துப் பிழைத்தவன். அந்தக் கடலுக்கு அதிபதி எங்கள் கப்பித்தான்.

கப்பித்தான், அதாவது கப்பல் கேப்டன், என்பது மாணவர்கள் வைத்த பெயர். மனிதர் காரைக்கால்காரர். ஏதோ ஒரு கம்பெனிக் கிடங்கில் ஆயுள் முழுக்க உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்து, என்னைப் போன்ற கனடாப் பைத்தியங்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது வயசு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் கனடாக் குடியேற்ற விண்ணப்பத்தில் வயசுக்கான மார்க் குறையும். பிறந்தநாளுக்குள் பிரெஞ்சுப் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் கனடா, இல்லாவிட்டால் இதே சில்க் போர்டு டிராபிக்கில்தான் கிழவனாவேன். என் மனைவி சுகந்தி பிரிட்ஜை யார் தலையில் கட்டுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டிருந்தாள்.

முதல் நாள் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். ‘வணக்கம், என் பெயர் இது’ என்று ஆரம்பிப்பார் என்று பார்த்தால், சுவரில் தொங்கிய உலகப் படத்தைக் கோலால் ஓங்கித் தட்டினார்.

“எல்லாரும் எழுந்திரிங்க! நங்கூரத்தைத் தூக்கு!”

அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அத்தனையும் ஒரே ஒரு ஆளின் வாழ்க்கை வரலாற்றில் அடங்கியிருந்தது. பழைய காலத்துப் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி ஒருவர். சின்ன வயசிலேயே கப்பலேறி, ஆங்கிலேயனோடு மோதிக் காயம்பட்டுச் சிறைபட்டு, அப்புறம் நம் மேற்குக் கரைப் பக்கமும் வந்து போனவர். ஏதோ ஒரு தீவில் ஒரு பெண்ணைக் காதலித்து, ‘அந்தஸ்து போதாது’ என்று தன் அப்பா குதிக்கக் குதிக்க அவளையே கட்டிக்கொண்டவர். கடைசியில் ராஜாவே இரண்டு கப்பலைக் கொடுத்து, “உலகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வா” என்று அனுப்பினாராம். கப்பித்தான் இதைச் சொல்லும்போது பார்க்க வேண்டும். வேட்டிக்கு மேல் தொந்தி தெரியும் ஐந்தடி மனிதர் அப்படியே வளர்ந்து கூரையை முட்டுவார். சத்தியமாகச் சொல்கிறேன், எங்களுக்கு மேலெல்லாம் புல்லரிக்கும். கீழே கறிக்கடையில் கத்தி ‘டங்’கென்று விழுந்தால், “பீரங்கி! குனிங்க!” என்பார். ஐ.டி. கம்பெனி மேனேஜர்கள் உட்பட அத்தனை பேரும் குனிவோம்.

நீண்ட பயணத்தில் மாலுமிகளுக்குப் பல் ஈறு வீங்கிச் சாகிற நோய் வரும் என்ற பாடத்தன்று, மருந்தாக ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவராதவனை உள்ளே விடவில்லை. லேட்டாக வந்தவன் ‘கரையில் விடப்பட்டவன்’. படிக்கட்டிலேயே நின்று பாடம் கேட்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பாவம், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சார், ஓட்டல்ல ஆர்டர் பண்றது எப்படின்னு எப்ப சார் சொல்லித் தருவீங்க?”

“கப்பல்ல ஏதும்மா ஓட்டலு? உப்புக்கண்டம் கேட்டு வாங்கக் கத்துக்க. பொழச்சுக்குவ.”

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அப்படித்தான் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நான் மட்டும் ஒட்டிக்கொண்டேன். கதையை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை, என்ன செய்ய?

இத்தனைக்கும் மனிதர் கப்பலேறியதே இல்லை. ஒருமுறை எல்லோருமாக அல்சூர் ஏரிக்குப் போய்ப் படகு ஏறினோம். கரையிலிருந்து கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, கப்பித்தான் என் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். இறங்கியதும் ஓரமாகப் போய் மதியம் சாப்பிட்டதையெல்லாம் ஏரிக்கே திருப்பிக் கொடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, “தளபதிக்கும் மொத தடவ இப்பிடித்தான் ஆயிருக்கும்” என்றார் கொஞ்சமும் அசராமல்.

வீட்டில் சுகந்தி சோதித்துப் பார்த்தாள்.

“ஏங்க, இவ்வளவு நாளா படிக்கிறீங்களே, ஏதாவது பேசிக் காட்டுங்க பாப்போம்.”

கணீரென்று ஒரு வரி சொன்னேன்.

“அட! அர்த்தம் என்னங்க?”

“பாய்மரம் முறிந்தது, பாதிரியாரைக் கூப்பிடுங்கள்.”

“வெளங்கிடும்” என்று பிரிட்ஜைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் புரியவே இல்லை. ஒவ்வொரு வகுப்பும் தொடங்கும் முன் உள்ளே திரும்பி, “சேதி உண்டா?” என்று கேட்பார். அவர் மனைவி மேரியக்கா செல்போனைப் பார்த்துவிட்டு, “இல்லங்க” என்பார். பிறகுதான் நங்கூரம். இதுவும் கதையில் ஒரு பகுதி என்றே நினைத்தேன். ஏனென்றால் அந்தத் தளபதி திரும்பவே இல்லை. இரண்டு கப்பலும் மாயமாகிவிட்டன. பிரெஞ்சுப் புரட்சியில் தன் தலை போகிற அன்றைக்குக்கூட அந்த ராஜா, ‘அவரிடமிருந்து சேதி உண்டா?’ என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அந்த இடம் வந்தால் கப்பித்தான் கோலைக் கீழே வைத்துவிடுவார்.

பரீட்சைக்கு முந்தின வகுப்பில் நான் ஒருத்தன்தான் இருந்தேன். அன்றைக்கு ஒரு புதுக் கதை சொன்னார். பாதி வழியில், பனி பெய்கிற ஒரு கரையில் தளபதி ஒரு ஆளை இறக்கிவிட்டாராம். மொழிபெயர்ப்பாளன். “இதுவரைக்கும் எழுதினதெல்லாம் ஊருக்குக் கொண்டு போ” என்று கையில் கொடுத்து அனுப்பினாராம். அவன் பனியிலும் காட்டிலும் நடந்து, வண்டியேறி, ஊர் போய்ச் சேர்ந்து சேதி சொன்னான்.

“கப்பல் போச்சு. அவன் பொழச்சான். ஏன் தெரியுமா தம்பி? அவனுக்குப் பாஷ தெரியும். போ, பயப்படாத.”

பயப்படாமல் என்ன செய்வது? பரீட்சையில் வாய்மொழித் தேர்வு. எதிரே கண்ணாடி போட்ட அம்மாள். ஒரு வாடகை வீட்டு விளம்பரத்தைக் கொடுத்து, “நான்தான் வீட்டுக்காரி. போனில் விசாரி” என்றார். வீடு, வாடகை, சமையலறை... ஒரு வார்த்தையும் எனக்குத் தெரியாது. செத்தேன் என்று நினைத்தபோது, என் மண்டைக்குள்ளேயிருந்து கப்பித்தான் கோலைத் தட்டினார்.

“அம்மணி, உங்கள் கலம் எத்தனை பேரைத் தாங்கும்?” என்றேன் பிரெஞ்சில்.

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். நான் விடவில்லை. குடிநீர் எத்தனை நாளைக்கு வரும்? மழையில் மேல்தளம் ஒழுகுமா? எலிகள் உண்டா? சுற்றியுள்ள ஜனங்கள் நட்பானவர்களா, தாக்குவார்களா? இதற்கு முன் இருந்தவர்கள் உயிரோடு திரும்பினார்களா? யோசித்துப் பாருங்கள், பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடுகிறவன் இதைத் தவிர வேறு என்ன கேட்பான்? காவேரித் தண்ணீரா போர்வெல்லா என்று கேட்கத் தெரியாததுதான் குறை. அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்து, வரமாட்டேன் என்கிற நண்பனை ஒரு பயணத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். அடடா! சோர்ந்துபோன மாலுமிகளிடம் தளபதி பேசுவதாகக் கப்பித்தான் முழங்குகிற பேச்சு முழுசாக மனப்பாடம். எழுந்து நின்றே பேசினேன். முடித்தபோது, கூப்பிட்டால் அந்த அம்மாளே கப்பலேறி வந்திருப்பார்.

பாஸ். அதுவும் பேச்சில்தான் அதிக மார்க். மைசூர்பாக்கோடு ஓடினேன். கப்பித்தான் காலில் விழப் போனேன். “எழுந்திரு, தளபதிக்கு அதெல்லாம் பிடிக்காது” என்று சட்டென்று மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

மேரியக்காதான் சொன்னார். “தப்பா நெனைக்காத தம்பி. சந்தோசந்தான் அவருக்கு. ஆனா பாஸ் பண்ணா நீயும் போயிருவல்ல? இங்க படிச்சு எத்தன பேரு போயிட்டாங்க. போனவங்க ஒருத்தரும் போன் பண்றதில்ல. வாரா வாரம் சேதி உண்டான்னு கேக்கறாரே, அது அந்தக் கப்பலப் பத்தின்னா நெனச்ச?”

மைசூர்பாக்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பிரிட்ஜை விற்றுவிட்டுக் கிளம்பிக் கனடா வந்து சேர்ந்தோம். இங்கே பனி முழங்கால்வரை. வந்த முதல் ஞாயிறு, அங்கே வகுப்பு தொடங்கும் நேரம் இங்கே காலை. மேரியக்காவின் போனுக்கு எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் தட்டி அனுப்பினேன்: ‘கப்பல் கரை சேர்ந்தது. குடிநீர் உண்டு. ஜனங்கள் நட்பானவர்கள்.’

சற்று நேரத்தில் மேரியக்காவின் குரல் பதிவு வந்தது. பின்னால் கறிக்கடைக் கத்தி விழும் சத்தம்.

“தம்பி, சேதி உண்டான்னு கேட்டாரு. உண்டுன்னேன். போனப் புடுங்கிப் புதுப் பசங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டு, ஒக்காந்து அழுதுக்கிட்டிருக்காரு. இன்னிக்கு நங்கூரத்தையே தூக்கல. நல்லாயிரு.”

இன்றைக்கும் ஞாயிறு. சுகந்தி காபி ஆறுகிறது என்கிறாள். இருடி, வரேன். முதலில் கப்பித்தானுக்குச் சேதி போகட்டும்.