இன்னொரு வாஸ்கிதோ

"பெயர் முழுமையாக இல்லை" என்று ஹாலந்திலிருந்து பதில் வந்திருந்தது.

வாஸ்கிதோ மூன்று முறை படித்துப் பார்த்தார். பெயர் முழுமையாகத்தான் இருந்தது. அப்பா வைத்ததே அவ்வளவுதான். இந்தோனேசியாவில், அவருடைய ஊரான ஜோக்ஜாவில், பாதிப் பேருக்கு ஒற்றைப் பெயர். மீதி எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆறு வருடம் உட்கார்ந்து எழுதிய மென்பொருள். பெயர் சாப்பு, அதாவது துடைப்பம். கணினி வட்டில் எது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று படமாகக் காட்டும். கட்டளை எதுவும் தட்ட வேண்டாம். சுட்டியாலேயே பெருக்கலாம், பிரிக்கலாம், சேர்க்கலாம். அதைப் பொதியாகக் கட்டிப் பெலிக்கன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு அனுப்பியிருந்தார். மாதக் கடைசிக்குள் உள்ளே போகாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். போன முறை மெராப்பி எரிமலை சாம்பல் கக்கி, கரண்ட் போய், தவறவிட்டார்.

"உலகத்துல யாராவது ஒரே ஒருத்தர் அதைத் திறந்து பார்த்தா போதும், ரெத்னோ," என்றார் மனைவியிடம்.

"இப்பவும் தினம் ஒருத்தர் திறக்கறாரே. நீங்க," என்றாள் ரெத்னோ, பலாக்காய்க் கூடெக் சமைத்த சட்டியைச் சுரண்டியபடி.

யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய பொது மடற்குழுவில் பதில் போட்டிருந்தவர் பெயர் யோஸ்ட் வில்லெம் கொர்னேலிஸ் ஹூவலார். நாலு பெயர் வைத்திருப்பவரிடம் என்ன வாதாடுவது? விமான டிக்கெட் எடுக்கும்போது செய்வதைப்போல வாஸ்கிதோ தன் பெயரை இரண்டு தடவை எழுதி அனுப்பினார்.

மறுநாள் பதில்: "எழுதியவர் வாஸ்கிதோ. அனுப்புபவர் வாஸ்கிதோ வாஸ்கிதோ. முதலாமவர் இரண்டாமவருக்குக் கொடுத்த அனுமதிக் கடிதம் எங்கே?"

வாஸ்கிதோ தனக்குத் தானே ஓர் அனுமதிக் கடிதம் எழுதிக்கொண்டார். மரியாதையான கடிதம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்றுகூட விசாரித்திருந்தார்.

"இரண்டு பேருக்கும் ஒரே மின்னஞ்சலா? சந்தேகமாக இருக்கிறது," என்றார் ஹூவலார்.

இரண்டாமவருக்குப் புது மின்னஞ்சல் தொடங்கி, அதிலிருந்து அடையாள அட்டையையும் அனுப்பிவைத்தார். குழப்பம் வேண்டாமென்று, பெலிக்கனுக்கு முதலில் கொடுத்திருந்த பழையதைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

"அடையாள அட்டையில் ஒரு வாஸ்கிதோதான் இருக்கிறார். இன்னொருவர் யார்?" என்று கேட்டார் ஹூவலார்.

ரெத்னோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "முதல்ல இந்த ஆளு யாருங்க? இதையெல்லாம் கேக்க இவருக்கு என்ன அதிகாரம்?"

"ஐயையோ, முகத்துக்கு நேரா அப்படிக் கேக்கலாமா? மனுஷர் என்ன நினைப்பார்?"

"அவர் மட்டும் உங்களை யாருன்னு கேக்கலாமாக்கும்!"

வாஸ்கிதோவுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டே நாள்தான் பாக்கி. பாத்திக் சட்டையை மாட்டிக்கொண்டு, பெயர் மாற்ற மனுவோடு நீதிமன்றத்துக்குப் போனார்.

மனு வாங்கும் இடத்தில் இபு சுமார்னி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். அந்த ஊரில் அம்மா என்பதற்கு இபு, ஐயா என்பதற்கு பாக்.

"எதுக்கு பாக், பேரை மாத்தறீங்க?"

"ஒண்ணு பத்தலை, இபு."

"புதுப் பேர்?"

"வாஸ்கிதோ வாஸ்கிதோ."

அந்த அம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தார். "எப்படியும் மாத்தறீங்க. ரெண்டாவதா வேற ஏதாவது வெச்சுக்கலாமே?"

"பழகிடுச்சு, இபு."

சிரிக்காமல் எழுதிக்கொண்டார். வாஸ்கிதோ நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார். அப்பா முகம் ஞாபகம் வந்தது. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"அடடா, ஸ்கேன் பண்ணினா கம்ப்யூட்டர்ல இடம் இல்லைங்குது. ஒரு நிமிஷம் இருங்க."

இபு சுமார்னி எதையோ தட்டினார். திரையில் ஒரு துடைப்பம் வந்து நின்றது. வாஸ்கிதோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இபு... இது உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"போன வாரம் பெலிக்கன் அப்டேட்ல தானா வந்துச்சு, பாக். என்னமா பெருக்குது தெரியுமா! இதை எழுதினவருக்கும் ஒத்தைப் பேர்தான் போட்டிருக்கு. அவரென்ன, பேர் பத்தலைன்னு கோர்ட்டுக்கா ஓடி வந்தாரு?"