ஆர்டிஸின் மஞ்சள் நரம்பு

"வெண்டெல், அப்படியே நில்லு. காலைக் கீழ வைக்காதே."

வெண்டெல் சமையலறை நடுவில் ஒற்றைக் காலில் நின்றான். கையில் காப்பிக் கோப்பை, காலில் வெறும் காலுறை. அவன் மனைவி ஆர்டிஸ் தரையில் மண்டியிட்டு, கையால் தடவித் தடவி மேசைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தாள்.

"என்ன தேடறே?"

"தூண்டில் நரம்பு. ஒரு ஆள் நீளத்துக்கு மேல இருக்கும். நுனியில முள்ளு கட்டியிருக்கேன்."

"எங்க விட்டே?"

"அது தெரிஞ்சா நான் ஏன் முட்டி தேய நகர்றேன்? கண்ணுக்கே தெரியாத நரம்புன்னு அட்டையில போட்டிருந்தான். ஒரு வார்த்தை பொய் சொல்லல."

மினசோட்டாவில், மே மாதம் வால்ஐ மீனுக்குத் தடை நீங்குகிற சனிக்கிழமையன்று கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வர மாட்டான். அதே வார இறுதியில்தான் அன்னையர் தினமும் வரும். அம்மாக்கள் மனசு நோகக் கூடாதென்று அந்த இரண்டு நாளும் அவர்களுக்கு மீன்பிடிக்க லைசென்ஸ் வேண்டாம் என்று அரசாங்கம் பெருந்தன்மையாக அறிவித்திருந்தது. அந்தப் பெருந்தன்மையை நம்பி ஆர்டிஸ் கல்யாணமான நாளிலிருந்து வெண்டெலோடும் அவன் அண்ணன் க்ளேட்டனோடும் ஒரே படகில் ஹாகன் ஏரிக்குப் போய் வருகிறாள். அவளுக்கு நடு இருக்கை. வேலை, மற்றவர்கள் பிடிக்கும் மீனைக் கைவலையில் ஏந்துவது.

பின் இருக்கை க்ளேட்டனுக்கு. மோட்டாரின் கைப்பிடி அங்கேதான் இருக்கிறது. அதைப் பிடித்தவன் போகிற இடத்தில்தான் மீன், அவன் நினைக்கிற நேரத்தில்தான் கரை. பருவத்தின் முதல் வால்ஐ யார் தூண்டிலில் ஏறுகிறதோ, கோடை முழுக்க மோட்டார் அவர் கையில் என்பது அந்தக் குடும்பத்துச் சட்டம். க்ளேட்டன் வருஷா வருஷம் ஜெயித்து, அந்த இருக்கையில் தன் உருவத்துக்கு ஒரு பள்ளமே போட்டு வைத்திருந்தான்.

போன கோடையில் ஒருநாள், மூன்றாவது கோப்பைக் காப்பிக்குப் பிறகு, ஆர்டிஸ் கரைக்குப் போக வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். "இன்னும் ரெண்டே சுத்து" என்றான் க்ளேட்டன். இரண்டு சுற்று ஏழெட்டானது. கரை வந்தபோது அவள் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் மரங்களுக்குள் ஓடினாள். படகுத்துறையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்த அவமானத்தை அவள் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

ஆகவே இந்த வருஷம் மோட்டார் அவளுக்கு வேண்டும். அதற்கு முதல் மீன் வேண்டும். முதல் மீனுக்குத் தடையாக நின்றது அவளுடைய நரம்பு.

வரிச்சிப்பிகள் எங்கிருந்தோ வந்து ஏரியில் குடியேறி, தண்ணீரை வடிகட்டி வடிகட்டிக் கண்ணாடியாக்கிவிட்டிருந்தன. ஆர்டிஸிடம் இருந்ததோ பளீரென்ற மஞ்சள் நரம்பு, தடிமனும் கொஞ்சம் அதிகம்.

"அதைப் போட்டா மீனுங்க கூடி நின்னு வேடிக்கை பார்க்கும், ஆர்டிஸ்" என்றிருந்தான் க்ளேட்டன். "தண்ணி தெளிஞ்சா நரம்பு மெலியணும். முள்ளுக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாத ஃப்ளோரோகார்பன் நரம்புத் துண்டு ஒண்ணு, நீளமா. முள்ளு சின்னது, ஈயக்குண்டு சின்னது. மீனுக்கு முள்ளுல குத்தின அட்டைப்பூச்சி மட்டும்தான் கண்ணுல படணும்."

அப்படியே ஆகட்டும் என்றுதான் பெவ் அக்காவின் தூண்டில் கடையில் இருந்ததிலேயே மெலிந்த ஃப்ளோரோகார்பனை வாங்கி வந்தாள். மீனுக்கு அது தெரியுமோ தெரியாதோ, அறுபதைத் தாண்டிய ஆர்டிஸுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

"வேக்குவம் கிளீனரைப் போடேன்" என்றான் வெண்டெல், இன்னும் ஒற்றைக் காலில்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. வேக்குவம் கிளீனர் நரம்பைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்து, உள்ளே இழுத்து, தன் உருளையில் சுற்றிச் சுற்றி, ஒரு பெருமூச்சு விட்டு, ரப்பர் கருகும் வாசனையோடு நின்றுவிட்டது.

"முள்ளு?" என்றான் வெண்டெல்.

"அதுவும் உள்ளதான் இருக்கணும். காலைக் கீழ வை."

அடுத்த துண்டை அவள் எச்சரிக்கையோடு வெட்டினாள். முதலில் ஒரு முனையைத் தூண்டில் கோலின் நரம்போடு முடிந்தாள். ஒரு முனை கோலில் இருந்தால் மறுமுனை எங்கே ஓடிவிடும்? கோலை ஃப்ரிட்ஜின் மேல் சாய்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேல் வெண்டெலின் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு மறுமுனையில் முள்ளைக் கட்டினாள். கட்டி முடித்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஜாய்ஸ் ருபார்ப் கேக்கோடு உள்ளே வந்தாள்.

முள்ளை மேசைமேல் வைத்துவிட்டு ஆர்டிஸ் காப்பி ஊற்றினாள். ஜாய்ஸ் கேக்கை அதே மேசைமேல் வைத்தாள். ஜாய்ஸ் தானே பின்னிய நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் விடைபெறுவது சின்ன வேலை அல்ல. நாற்காலியை விட்டு எழுந்ததும் ஒரு பேச்சு, கதவருகே ஒரு பேச்சு, படியில் ஒரு பேச்சு. ஜாய்ஸ் எல்லாவற்றையும் முறைப்படி முடித்துக்கொண்டு, தன் காரை நோக்கி நடந்தாள்.

ஃப்ரிட்ஜ் பக்கத்திலிருந்து ரீல் கிறீச்சிட்டது.

வெண்டெல் யோசிக்கவில்லை. மீன்பிடிக்கிறவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு யோசித்ததாகச் சரித்திரம் இல்லை. கோப்பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து கோலைப் பற்றி, முழு பலத்தோடு மேலே வெட்டி இழுத்தான். வாசலில் ஜாய்ஸ் "ஐயோ" என்று இரண்டடி பின்னால் வந்தாள்.

"பெருசு மாட்டியிருக்கு" என்றான் வெண்டெல்.

"விடுடா, அது ஜாய்ஸ்" என்று ஆர்டிஸ் கத்தினாள்.

முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கம்பளிச் சட்டை பிரிந்துபோயிருந்தது. "பரவாயில்ல, ஒண்ணும் ஆகல" என்று ஜாய்ஸ் சொன்ன தொனியில், இன்னும் இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுப் பக்கம் போக முடியாது என்பது தெளிவாக இருந்தது.

மறுநாள் காலை ஆர்டிஸ் வெண்டெலோடு பெவ் அக்காவின் கடைக்குப் போனாள். பருவத்துக்கு முந்தைய நாள் என்பதால் ஊர் முழுக்க அட்டைப்பூச்சி வாங்க அங்கே நின்றிருந்தது. க்ளேட்டனும் இருந்தான். ஜாய்ஸ் கதையும் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"எவ்வளவு எடை இருந்தா?" என்றான் க்ளேட்டன். கடை சிரித்தது.

ஆர்டிஸ் ஃப்ளோரோகார்பன் சுருளை மேசைமேல் வைத்தாள். "பெவ் அக்கா, இதைத் திரும்ப வச்சுக்கோங்க. கண்ணுக்குத் தெரியாததை நம்பறதுக்கு எனக்கு ஞாயித்துக்கிழமை சர்ச்ல ஒரு மணி நேரம் போதும். சனிக்கிழமையும் வேணாம்."

"அப்ப எதைக் கட்டப் போறே?" என்றாள் பெவ்.

"என் மஞ்ச நரம்பை. நேரா முள்ளுல. நடுவுல எந்தத் துண்டும் கிடையாது."

"அந்தத் தண்ணியில?" க்ளேட்டனுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "ஆர்டிஸ், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். மீன் அதை அக்கரையிலேருந்து பார்த்துடும்."

"பார்க்கட்டும், க்ளேட்டன். ஒளிஞ்சு மறைஞ்சு பிடிக்க நான் என்ன திருடியா? இதான் நரம்பு, இதான் முள்ளு, இதைப் பிடிச்சிருக்கிறது ஆர்டிஸ். இஷ்டமிருந்தா கடி, இல்லேன்னா போ. முதல் மீன் என்னோடதா இருந்தா மோட்டார் என்னோடது. இங்க இருக்கிறவங்க எல்லாரும் சாட்சி."

"நீ ஜெயிச்சா நானே எழுந்து இடம் தர்றேன்" என்றான் க்ளேட்டன்.

வீட்டுக்கு வரும் வழியில் வெண்டெல், "கொஞ்சம் மெல்லிசா, வெள்ளையா ஒண்ணு போடலாமில்ல?" என்று ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

சனிக்கிழமை விடிந்தபோது மழையும் பனியும் கலந்து தூறியது. மூன்று பேரும் குளிர்கால அங்கிக்குள் ஒடுங்கிப் படகில் உட்கார்ந்தார்கள். காற்று ஒதுங்கிய இடத்துக்கு வந்ததும் ஆர்டிஸ் எட்டிப் பார்த்தாள். அடியில் கிடந்த கூழாங்கல், அதன்மேல் ஒட்டிய சிப்பி, யாரோ தவறவிட்ட தொப்பி, எல்லாம் மேசைமேல் வைத்ததுபோலத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே அவளுடைய மஞ்சள் நரம்பு, சாலைக்கு நடுவில் போட்ட கோடாக நேரே இறங்கியது. அவளுக்கே அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. முகத்தில் காட்டவில்லை.

"இப்பக்கூட ஒண்ணும் குடிமுழுகிப் போகல" என்றான் க்ளேட்டன். "என்கிட்ட ஒரு துண்டு இருக்கு, தரட்டா?"

"நீங்களே வச்சுக்கோங்க. எங்க வச்சீங்கன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க."

க்ளேட்டன் மோட்டாரைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டியபடி தன் கண்ணுக்குத் தெரியாத நரம்பை இறக்கினான். கொஞ்ச நேரத்தில் கோல் வளைந்தது. "ஆச்சு" என்றான் ஆசையோடு. கோல் மேலும் வளைந்தது. மோட்டார் இருமியது. அவனுடைய நீளமான, மெலிந்த, தெளிந்த தண்ணீருக்கென்றே செய்த நரம்பு முழுவதும் மோட்டாரின் விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் அங்கியின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பனித் தண்ணீரில் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். "எங்கேன்னே தெரியலையே" என்று முனகினான். ஆர்டிஸ் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது மஞ்சள் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது.

கையில் எதுவும் உணர்வதற்கு முன்பே கண்ணில் பட்டது. அவள் கொஞ்சம் விட்டுக் கொடுத்தாள். நரம்பு இறுகியது. இழுத்தாள். கீழே யாரோ கோபமாகத் தலையை ஆட்டினார்கள்.

"வெண்டெல், வலையை எடு."

"நானா?"

"பின்னே ஜாய்ஸா?"

தடித்த நரம்பு என்பதால் அவள் பயப்படாமல் இழுத்தாள். வெண்டெல் இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவது முறை வலையில் ஏந்தினான். வால்ஐ மீனுக்கே உரிய வெளிறிய கண்களோடு, தங்க நிறத்தில், வெண்டெலின் கை நீளத்துக்கு ஒரு மீன் படகில் விழுந்தது. வருஷக்கணக்காக யாரும் அந்த ஏரியில் அத்தனை பெரிதைப் பார்த்ததில்லை.

க்ளேட்டனின் கை இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"எழுந்திருங்க, க்ளேட்டன்."

"இது ஏதோ குருட்டாம்போக்கு..."

"எழுந்திருங்க. விசிறியைச் சுத்தம் பண்ணிட்டு எழுந்திருங்க."

அவன் விரலால் தடவியே நரம்பை அவிழ்த்துவிட்டு, நடு இருக்கைக்கு வந்து உட்கார்ந்தான். ஆர்டிஸ் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து மோட்டாரைக் கிளப்பி, படகைத் திருப்பினாள்.

"எங்க போறே?" என்றான் வெண்டெல்.

"கரைக்கு."

"அவசரமா?"

"அவசரமே இல்ல. இருந்தாலும் போறேன். நினைச்சப்போ கரைக்குப் போறது எப்படியிருக்குன்னு பார்க்கணும்."

படகுத்துறையில் கூட்டம் கூடியது. வெறுங்கையோடு வந்த ஆண்கள் மீனைப் பார்த்தார்கள், பிறகு மஞ்சள் நரம்பைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மீன் தெளிந்த தண்ணீரில் மெல்லிய நரம்பையே பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டதாக ஒருவர் சொன்னார். மஞ்சளைச் சூரிய ஒளி என்று நினைக்கும் என்றார் இன்னொருவர், மழையில் நனைந்தபடி. எதிரே இருந்த கடையில் பெவ் அக்கா பழைய மஞ்சள் சுருள்களை உள்ளறையிலிருந்து தூசி தட்டிக் கொண்டுவந்தாள். வந்த வேகத்தில் தீர்ந்தன. ஆர்டிஸ் இதற்கெல்லாம் அசரவில்லை. படகை விட்டு இறங்கவுமில்லை. மோட்டார் கைப்பிடியில் ஒரு கையை வைத்தபடி, ராஜ்யம் பிடித்த தோரணையில் பின் இருக்கையிலேயே இருந்தாள். நெஞ்சு நிறைந்திருந்தது.

"நான் மறைக்கல. ஏமாத்தல. அது நல்லா பார்த்து, யோசிச்சு, என்னைத்தான் தேர்ந்தெடுத்துச்சு" என்றாள், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும்.

மீன்களை அளந்து கணக்கெடுக்க மீன்வளத் துறையிலிருந்து ஒரு இளம்பெண் படகுத்துறையில் தொட்டியோடு நின்றிருந்தாள். இவ்வளவு பெரிய மீனைத் திரும்ப ஏரியில் விட்டுவிடுவதுதான் வழக்கம் என்பதால், வெண்டெல் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் அவளுடைய தொட்டியில் இறக்கினான். அவள் அளந்தாள். முதுகுத் துடுப்புக்குப் பக்கத்தில் துறையினர் எப்போதோ குத்திவிட்டிருந்த சின்ன எண் வில்லை தென்பட்டது. அதைத் துடைத்துப் படித்து, தன் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்தாள்.

க்ளேட்டன் பொறுக்க முடியாமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளிடம் போனான். அவன் சட்டைப்பையிலும் ஒரு மஞ்சள் சுருள் துருத்திக்கொண்டிருந்தது.

"நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்கம்மா. அடி மண்ணு வரைக்கும் தெரியற தண்ணி. அதுல தாம்புக்கயிறு கணக்கா மஞ்ச நரம்பு. அதைப் பார்த்த பிறகும் இந்த மீன் ஏன் கடிச்சுது?"

கூட்டம் நெருங்கி வந்தது. ஆர்டிஸும் காதைத் தீட்டிக்கொண்டாள். அந்தப் பெண் மீனை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, ஆழமான தண்ணீர்ப் பக்கமாகத் திருப்பி மெதுவாக விட்டாள். அது நேரே போய்ப் படகுத்துறைத் தூணில் முட்டிக்கொண்டு, திரும்பி, மறுபடி முட்டிக்கொண்டு, ஒருவழியாக ஏரிக்குள் போனது.

"பார்த்த பிறகா?" என்றாள் அவள். "அதுக்குக் குஞ்சா இருந்தப்பலேருந்தே ரெண்டு கண்ணும் தெரியாதுங்களே."