ஆசிரியர் குழுவின் பதினொரு பதில்கள்

குமரி மாவட்டத்து நாளிதழ் ஒன்றின் இணையதளத்தில் இன்று எந்தச் செய்தியைத் திறந்தாலும் கீழே கருத்து எழுத இடம் இருக்காது. ஏதோ சட்டச் சிக்கல் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காரணம் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நாகர்கோவிலில் இருந்த அந்த அலுவலகத்தில் வாசகர் கடிதங்களையும் இணையக் கருத்துகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. தபாலில் வரும் கடிதங்களை நாலு வரியாகச் சுருக்க வேண்டும். (எழுதியவர் மறுநாள் நேரில் வந்து, மீதி வரிகள் எங்கே என்று கேட்பார்.) இணையத்தில் வரும் கருத்துகள் ஒரு பட்டியலில் காத்திருக்கும். சாதி, மதம், கெட்ட வார்த்தை இருந்தால் நீக்குவேன். இல்லையென்றால் அனுமதிப்பேன். பதில் சொல்வதென்றால் ‘ஆசிரியர் குழு’ என்ற பெயரில்தான் சொல்ல முடியும்.

அந்தப் பட்டியலில்தான் ஷைனி வந்தாள். ‘ஷைனி, அருமனை’. பெயரும் ஊரும் தவிர வேறெதுவும் தெரியாது. அவளுடைய முதல் கருத்து, பஸ் தாமதம் பற்றிய ஒரு செய்தியின் கீழே வந்தது.

“நான் நெய்யூருக்கு வேலைக்குப் போகிறவள். காலை ஏழே காலுக்கு வரவேண்டிய பஸ் ஏழு நாற்பதுக்கு வருகிறது. அதற்குள் எதிர்த்த ரப்பர் தோட்டத்தில் ஒரு அண்ணன் நாற்பது மரத்தில் பால் வெட்டி முடித்துவிடுகிறார். நான் எண்ணிவிட்டேன். பஸ்ஸை அனுப்புகிறவர்கள் எண்ணுவதாகத் தெரியவில்லை.”

இதை நான் ஏழெட்டு முறை வாசித்தேன். அதன்பிறகு சாக்கடை, தெருவிளக்கு, தெருநாய் என்று எந்தச் செய்தி வந்தாலும் ஷைனி எழுதியிருக்கிறாளா என்றுதான் முதலில் பார்ப்பேன். மற்றவர்களுடைய கருத்துகளில் கமாவைக்கூடத் திருத்துகிற நான், அவள் வரிகளில் கை வைக்கவே மாட்டேன். ‘தேர்ந்தெடுத்த கருத்து’ என்ற கட்டத்தில் இரண்டு மாதம் ஷைனியைத் தவிர வேறு யாரையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. (பத்திரிகையின் நடுநிலைமை அப்படி இருந்தது.)

அவளுக்குப் பதிலும் எழுதுவேன். அனுப்ப மாட்டேன், எழுதி வைப்பேன். அழிக்க மனசு வராது. எழுதி வைத்த பதில்களும் அதே பட்டியலில்தான் போய் உட்காரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் தினமும் அவற்றைத் தாண்டித் தாண்டி மற்றவற்றை அனுமதிப்பேன். இப்படியே பதினொன்று சேர்ந்துவிட்டது.

மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைவிழா அன்று சிறப்புப் பேருந்து பற்றிய செய்திக்குக் கருத்துகள் வந்து குவிந்தன. கொடைக்குப் போக என் நண்பர்கள் வேறு பேருந்து நிலையத்தில் காத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக வாசிக்க நேரமில்லை. மேலே ‘அனைத்தையும் அனுமதி’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். கணினியை அணைத்துவிட்டு ஓடினேன்.

மண்டைக்காட்டில் ராட்டினத்தில் இருந்தபோது ஆசிரியர் ஜெபமணி சாரிடமிருந்து போன் வந்தது.

“ஏலே செல்வின், நம்ம சைட்டை யாராவது பூந்து கெடுத்துட்டானுவளா?”

“ஏன் சார்?”

“சாக்கடை அடைப்புச் செய்திக்குக் கீழ, ‘நீங்கள் எழுதாத நாளில் இந்த அலுவலகத்தில் மின்விசிறி மட்டுமே பேசுகிறது’ன்னு ஆசிரியர் குழு எழுதியிருக்குலே!”

ராட்டினம் மேலே போனது. நான் கீழே போனேன்.

பதினொன்றும் வெளிவந்துவிட்டன. பஸ் செய்தியின் கீழே: “நீங்கள் நாற்பது வரை எண்ணியதை வாசித்ததும், அந்த மரங்களில் ஒன்றாக நான் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.” தெருநாய்த் தொல்லைச் செய்தியின் கீழே, அவள் குரலை ஒருமுறை கேட்கக் காத்திருப்பதாக. நான் பஸ் பிடித்து வந்து எல்லாவற்றையும் நீக்குவதற்குள் பாதி மாவட்டம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருந்தது. “சாக்கடையைத் திறக்கச் சொன்னால் மனசைத் திறக்கிறீர்களே” என்று ஒருவர் எழுதியிருந்தார். தக்கலைக்காரர் ஒருவர் மட்டும் உண்மையிலேயே வருத்தப்பட்டிருந்தார்: “நானும் ஆறு வருடமாக எழுதுகிறேன். எனக்கு ஏன் ஒரு பதிலும் இல்லை?”

மறுநாள் காலையில் எமிலி டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். ஜெபமணி சாரின் மனைவி. சார் திருச்சபைக் கமிட்டியில் இருப்பவர். ஆசிரியர் குழு என்றால் ஆசிரியர்தானே என்று ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தது. டீச்சர் சாரின் மேசை முன்னால் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“யாரு இந்த ஷைனி?”

“எனக்குத் தெரியாது எமிலி. சத்தியமாத் தெரியாது.”

“தெரியாதவளுக்காக்கும் மரமா நிக்கணும்னு தோணிச்சு?”

சாருடைய வழுக்கையில் வியர்வை பொடித்தது. யார் வேலை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காட்டிக்கொடுக்கவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று எழுந்தேன்.

“டீச்சர், அது நானாக்கும்.”

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “குழுன்னு போட்டிருக்கே. குழுவுல எத்தனை பேரு?”

“நான் மட்டுந்தான் டீச்சர்.”

டீச்சர் கைப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு டீச்சர் சிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “அந்தப் பிள்ளையை நீ பாத்திருக்கியா மக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

என் வேலை போகவில்லை. ஆனால் சாயங்காலத்தோடு கருத்துப் பகுதியை மூடிவிடச் சொன்னார் சார். இனி கடிதம் தபாலில் மட்டும்தான். மூடுவதற்கு முன் கடைசியாகப் பட்டியலைத் திறந்தேன். ஒன்று காத்திருந்தது.

“ஆசிரியர் குழுவுக்கு வணக்கம். பதினொன்றையும் வாசித்தேன். தெருநாய்ச் செய்தியில் ‘காத்திருக்கிறேன்’ என்ற சொல்லில் ஒரு ‘க்’ விட்டுப்போயிருக்கிறது. பஸ் இப்போது ஏழே காலுக்கே வந்துவிடுகிறது. அதனால் இனி எழுத வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். ஷைனி, அருமனை.”

கோபமா, கேலியா, விடைபெறுவதா, வேறு ஏதாவதா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதை அனுமதிக்கவில்லை. நீக்கவும் இல்லை. அப்படியே மூடினேன்.

பிறகு தபால்காரரை எதிர்பார்க்க ஆரம்பித்தேன். அவள் கையெழுத்தை நான் பார்த்ததில்லை. அதனால் தெரியாத கையெழுத்து எல்லாமே அவளுடையதாக இருக்கலாம். ஒவ்வொரு உறையையும் பிரித்தபின்தான் அது வடசேரியிலோ குலசேகரத்திலோ இருக்கிற வேறு யாரோ ஒருவரிடம் போய் முடியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், எல்லோரும் நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போது, அருமனை பஸ் மறுபடியும் தாமதமாக வரவேண்டும் என்று நான் ஜெபித்தேன். (வெட்கமாகத்தான் இருக்கிறது. எத்தனை பேர் வேலைக்குப் போகிற பஸ்!)

ஒருநாள் விடியற்காலையில் கிளம்பி அருமனைக்கே போனேன். ஏழு மணிக்கு நிறுத்தத்தில் போய் நின்றேன். எதிரே ரப்பர் தோட்டம். ஐந்து பெண்கள் குடையோடு நின்றார்கள். ஒருத்தி தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைந்த மாதிரி இருந்தது. எண்ணுகிறாளா, ஜெபிக்கிறாளா, வாயில் மிட்டாய் கிடக்கிறதா? “நீங்க ஷைனியா?” என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி. பதினொரு பதில் எழுதியவனுக்கு அந்த இரண்டு சொல் வரவில்லை. ஏழே காலுக்குச் சரியாக பஸ் வந்தது. ஐந்து பேரும் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் நாற்பது மரத்தையும் எண்ணிவிட்டுத் திரும்பினேன்.

இப்போது எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். இந்தக் கதையை என் மனைவி பிரேமாவுக்கு முதலில் சொன்னது எமிலி டீச்சர்தான், அதுவும் எங்கள் கல்யாணப் பந்தியில் வைத்து. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் பிரேமா எடுத்துவிடுவாள். “இவரு ஒரே நாள்ல மாவட்டத்துக்கே பதினொரு காதல் கடிதம் போட்ட ஆளாக்கும். கட்டுனவளுக்கு இதுவரை ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.” வந்தவர்கள் சிரிப்பார்கள். மகள் எழுந்து நின்று, மின்விசிறி பேசுவதை நடித்துக் காட்டுவாள். நானும் சிரிப்பேன்.

எல்லோரும் போன பிறகு, தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டே சில நாட்களில் பிரேமா சொல்வாள்: “ஆனா பதினொண்ணையும் வாசிச்சிருக்கா பாத்தீங்களா. ஒரு எழுத்து விடாம வாசிச்சிருக்கா.”

நான் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைப்பேன்.