மருதாயிக்குக் கால் வலி வந்த கதை

ஒரு காட்டில் மருதாயி என்று ஒரு கழுதை இருந்தாள். கழுதைதானே என்று யாரும் லேசாக நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டில் மகன் இருக்கிற கழுதை அந்தக் காட்டிலேயே அவள் ஒருத்திதான். அதனால் நரிகூட அவளை "அக்கா" போட்டுத்தான் பேசும். புலி வழியில் பார்த்தால், "தம்பி எப்ப வருது?" என்று மரியாதையாக விசாரித்துவிட்டு வேறு யாரையாவது தின்னப் போகும்.

மூட்டை சுமந்தே மகனைப் படிக்க வைத்தவள் மருதாயி. அடிவாரத்துச் சந்தையில் ஏற்றினால் மலை உச்சியில்தான் இறக்குவாள். மகன் பெயர் முத்துக்கருப்பன். படித்து முடித்த கையோடு கடல் தாண்டி, பனி கொட்டுகிற ஒரு காட்டுக்கு வேலைக்குப் போனான். போன இடத்தில் குளிருக்குப் பெயரும் சுருங்கி வெறும் "முத்" ஆகிவிட்டது. அங்கேயே யமுனா என்கிற கழுதைப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். இரட்டைக் குட்டிகள் பிறந்தன. மருதாயி செல்போனில் தெரிந்த குட்டிகளுக்கு முத்தம் கொடுத்துக் கொடுத்து, ஈரத்தில் செல்போன்தான் கெட்டுப்போனது.

ஒரு நாள் முத்துக்கருப்பன் சொல்லாமல் கொள்ளாமல் நேரிலேயே வந்து நின்றான்.

"அம்மா, நீ மூட்டை தூக்கினது போதும். என்கூடக் கிளம்பு. உனக்குப் பனிமலை காட்டப் போறேன்."

பனிமலையை மருதாயி மளிகைக் கடை காலண்டரில் பார்த்திருக்கிறாள். அவள் இதுவரை ஏறிய மலை எல்லாம் மூட்டையோடு ஏறியதுதான். முதுகில் ஒன்றும் இல்லாமல், அவசரமும் இல்லாமல், ஒரு மலையைச் சும்மா நின்று பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு வெகுநாள் ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

"நிஜமாவாடா?"

"உன் மேல சத்தியமா."

சத்தியத்தைத் தன் மேல் செய்ய மாட்டான். படித்த பிள்ளை.

பெட்டியை அவனே கட்டினான். முறுக்கு, வடகம், எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் வைத்தான். சரிதான். அதற்கு அடியில் பார்த்தால் வசம்பு, பிள்ளைக்குக் கொடுக்கிற உரைமருந்து, கிலுகிலுப்பை, தொட்டில் கட்டுகிற கயிறு.

"மலை பார்க்கப் போறதுக்கு வசம்பு எதுக்குடா?"

"சும்மா இருக்கட்டும்மா."

"தொட்டில் கயிறு?"

"அதுவும் சும்மா இருக்கட்டும்மா."

சும்மா இருக்கிற சாமான் எல்லாம் சேர்ந்து பெட்டியை மூட விடவில்லை. மருதாயி மேலே ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூடியது.

வழியனுப்பக் காடே வேன் பிடித்து வந்தது. பன்றி தேம்பித் தேம்பி அழுதது. அதற்கு மருதாயியோடு அவ்வளவு பழக்கம்கூட இல்லை. ஏர்போர்ட் என்றால் யாராவது அழ வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

உள்ளே போனால் வரிசை மலைப்பாம்பு மாதிரி நீளமாகக் கிடந்தது. உற்றுப் பார்த்தால் நடுவில் நிஜமாகவே ஒரு மலைப்பாம்பு நின்றது. பாதி வரிசை அது ஒன்றுதான். முத்துக்கருப்பன் உதட்டைப் பிதுக்கினான். எங்கோ போனான். திரும்பி வரும்போது ஒரு சக்கர நாற்காலியும், அதைத் தள்ளுவதற்குச் சட்டை போட்ட ஒரு குரங்கும் கூட வந்தன.

"ஏறி உக்காரும்மா."

"யாருக்குடா இது?"

"உனக்குத்தான்."

"எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு? நேத்துகூட உப்பு மூட்டையைத் தூக்கிட்டு..."

"கத்தாதேம்மா! வீல் சேர்ல போனா வரிசை கிடையாது. நேரா விட்டுடுவாங்க. கூட வர்ற என்னையும் விட்டுடுவாங்க. நீ நடக்க மட்டும் கூடாது. நடந்தா கண்டுபிடிச்சுடுவாங்க."

மருதாயிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் பார்த்தால் இன்னொரு நாற்காலியில் வெள்ளாட்டம்மா. முந்தின நாள் செங்குத்துப் பாறையில் தொங்கித் தழை பறித்தவள். அவளுக்கு அடுத்த நாற்காலியில் ஒரு மான். அதை இதுவரை எந்தப் புலியும் துரத்திப் பிடித்ததில்லை.

"என்ன மருதாயி, உனக்கும் காலா?" என்றாள் வெள்ளாட்டம்மா.

"ஆமாக்கா. இப்பத்தான். ஏர்போர்ட் வந்ததும்."

"எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. இறங்கினதும் சரியாப் போயிடும், பயப்படாதே."

பொது வரிசையில் வயதான ஆமை ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முன்கால் வீங்கிப் போய் ஊன முடியாமல் நின்றார்.

"ஏங்க, உங்களுக்கு வீல் சேர் சொல்லலையா?" என்று மருதாயி கேட்டாள்.

"கேட்டேம்மா. இருந்ததை எல்லாம் நடக்கிறவங்களுக்குக் குடுத்தாச்சாம். தீர்ந்துபோச்சுன்னுட்டாங்க. பரவாயில்லை, மகளைப் பார்க்கத்தானே போறேன். மெதுவாப் போய்க்கிறேன்."

"பாவம்டா," என்றாள் மருதாயி மகனிடம்.

"அந்தப் பக்கம் பார்க்காதேம்மா. பார்த்தா பாவமாத்தான் இருக்கும்."

குரங்கு தள்ளியது. சக்கரம் உருண்டது. எதிரே வந்த யானை விலகி வழிவிட்டது. பிறந்ததிலிருந்து சுமந்தே பழகிய மருதாயியை முதல் தடவையாக வேறு யாரோ சுமந்து போகிறார்கள். வெட்கம் முதல் கதவு வரைக்கும்தான் வந்தது. இரண்டாவது கதவில், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சாய்ந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

விமானம் கடல் தாண்டி இறங்கியது. அங்கேயும் நாற்காலி, அங்கேயும் தனி வழி. அதிகாரி கூப்பிடுகிற வரைக்கும் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். முத்துக்கருப்பன் குனிந்து பாடம் நடத்தினான்.

"எதுக்கு வந்தீங்கன்னு கேட்பாங்க. 'பனிமலை பார்க்க'ன்னு மட்டும் சொல்லு. பேரக்குட்டின்னு வாயே திறக்காதே."

"ஏன்டா? குட்டிங்களையும் பார்க்கத்தானே போறோம்?"

"பார்க்கிறது வேற, பார்த்துக்கிறது வேற. இங்கே வந்து வேலை செய்யறதுன்னா அதுக்குத் தனி அனுமதி வாங்கணும். உனக்கு அதெல்லாம் எதுக்கு? நீ பனிமலைன்னு சொல்லு."

மருதாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பனிமலை பார்க்கத்தானே வந்திருக்கிறாள். உண்மையைச் சொல்ல எதற்கு இவ்வளவு ஒத்திகை?

முத்துக்கருப்பன் தூண் மறைவுக்குப் போய் யமுனாவுக்குப் போன் போட்டான். ரகசியமாகத்தான் பேசினான். ஆனால் கழுதை ரகசியம் பேசினால் எப்படி இருக்கும்? கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"ஆங், வந்தாச்சு. அந்தப் பெங்குவின் ஆயாவை இன்னையோட நிறுத்திடு. இனிமே எல்லாம் அம்மா பார்த்துப்பாங்க. என்னது, பனிமலையா? அட, அது சும்மா சொன்னது. நம்ம சமையல்கட்டு ஜன்னல்ல பனி தெரியும்ல? துணி துவைக்கும்போது பார்த்துக்கட்டும்."

மருதாயியின் காது இரண்டும் மடங்கித் தொங்கின. வசம்பு சும்மா வரவில்லை. தொட்டில் கயிறும் சும்மா வரவில்லை. அவள்தான் சும்மா நம்பி வந்திருக்கிறாள்.

குட்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் அவள் நடந்தே வந்திருப்பாள். அதுதான் அவளுக்கு வலித்தது. கேட்டால் கிடைக்கிற சாமானை எதற்கு ஒருத்தன் திருடிக்கொண்டு போக வேண்டும்?

அதிகாரி ஒரு பனிக்கரடி. முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"பனிமலை பார்க்கங்க."

கரடி பெட்டியைத் திறந்தது. வசம்பை மோந்து பார்த்துத் தும்மியது. கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்தது. கயிற்றை வெளியே இழுத்தது.

"மலை பார்க்கிறவங்களுக்குக் கயிறு எதுக்கு?"

முத்துக்கருப்பனுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. "அது வந்து, சார்..." என்று இழுத்தான். மருதாயி மகனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நிதானமாகப் பதில் சொன்னாள்.

"எனக்குத்தான் கால் வராதேங்க. மலை உச்சி வரைக்கும் என் மகன் என்னை முதுகுல தூக்கிட்டுப் போறேன்னான். நான் விழுந்துடக் கூடாதுல்ல, அதுக்குக் கட்டுற கயிறு. 'உன்னை உச்சியில உக்கார வச்சுப் பார்க்கணும்மா'ன்னு ஒரே பிடிவாதம். வேண்டாம்னா கேட்கலைங்க."

கரடி முத்துக்கருப்பனை ஏற இறங்கப் பார்த்தது. அதன் கண் கலங்கிவிட்டது.

"எங்க அம்மாவை நான் குகையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்," என்று மூக்கை உறிஞ்சியது. "நீங்கல்லாம் எப்படித்தான் இப்படி இருக்கீங்களோ! அந்த மலைக்கு என் தம்பிதான் காவல். நீங்க வர்றதைச் சொல்லி வைக்கிறேன். வரலைன்னா நீங்க சொன்னது பொய்னு ஆயிடும். அப்புறம் ரெண்டு பேருமே ஊரைப் பார்க்கப் போக வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தியது. "இந்த நாற்காலியையும் வீட்டுக்குக் கொண்டுபோங்க. திரும்பும்போது குடுத்தா போதும்."

வீட்டுக்கு வந்ததும் மருதாயி குட்டிகள் இரண்டையும் மடியில் வாங்கிக் கொஞ்சித் தீர்த்தாள். நாற்காலியை விட்டு மட்டும் எழவில்லை.

"அம்மா, வீட்டுக்குள்ளதானே இருக்கோம், எந்திரிம்மா," என்றான் மகன்.

"கரடி பார்த்துட்டா?"

"வீட்டுக்குள்ள ஏதும்மா கரடி?"

"கரடி ஊர்ல கரடி எங்கேயும் இருக்கும்டா. நடந்தா கண்டுபிடிச்சுடுவாங்கன்னு நீதானே சொன்னே? உன் வேலைக்கு என்னால ஆபத்து வரக் கூடாது, சாமி."

ஆயாவை ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது. ஆபீஸிலிருந்து வந்து பீத்துணியை முத்துக்கருப்பன்தான் அலசினான். வசம்பை அவன்தான் சுட்டு உரசினான். மருதாயி உட்கார்ந்த இடத்திலிருந்து, "கருக விடாதேடா," என்று உதவி செய்தாள்.

ஒரு மத்தியானம் மகன் வீட்டில் இல்லை. மருதாயிக்கு ஊறுகாய் ஞாபகம் வந்தது. எழுந்தாள், சமையல்கட்டுக்குப் போனாள், எட்டி மேல் தட்டிலிருந்து பாட்டிலை எடுத்தாள். திரும்பினால் வாசலில் யமுனா. இடுப்பில் ஒரு குட்டி, தோளில் ஒரு குட்டி. தலை சீவி எத்தனை நாளோ.

"பார்த்துட்டியா, கண்ணு?"

யமுனா குட்டியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எதைங்கத்தை?" என்றாள். பிறகு மெதுவாக, "அத்தை, நீங்களா ஆசைப்பட்டு இதுங்களைப் பார்த்துக்க வர்றேன்னு சொன்னதா அவர் சொன்னார்," என்றாள்.

"எனக்குப் பனிமலை காட்டுறேன்னு சொன்னான்."

"எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே காட்டுறேன்னு சொன்னார்."

இரண்டு பேரும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு பழையதைச் சாப்பிட்டார்கள். மறுநாள் காலையில் யமுனாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அசைய முடியவில்லை. முத்துக்கருப்பன் இன்னொரு நாற்காலி வாங்கி வந்தான்.

அதற்குள் காவல் கரடியிடமிருந்து போன் வந்துவிட்டது. "என்னங்க, இன்னும் வரலையே? அண்ணன் கேட்டுக்கிட்டே இருக்காரு."

வேறு வழியில்லை. மலை அடிவாரத்தில் குட்டிகளோடு யமுனாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, முத்துக்கருப்பன் அம்மாவை முதுகில் ஏற்றினான். காவல் கரடியே தொட்டில் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. கழுதை மேல் கழுதை ஏறிப் போகிறதைப் பார்க்க அந்த ஊரே கூடிவிட்டது.

"அம்மா... நீ ரொம்பக் கனம்மா..."

"மூட்டைன்னா அப்படித்தான் இருக்கும். பேசாதே, மூச்சு வாங்கும். பாறையில கால் வைக்காதே, ஓரமா வை. ஆங், அப்படித்தான். உனக்கு நல்லா வருதுடா."

உச்சியில் இறக்கினான். இறக்கின இடத்திலேயே மல்லாந்து விழுந்தான். மருதாயி பார்த்தாள். காலண்டரில் இருந்தது இதில் கால்வாசிகூட இல்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் வெள்ளை. முதுகில் ஒன்றும் இல்லை. யாரும் "சீக்கிரம் நட" என்று அதட்டவில்லை. பிறகு கொஞ்சம் பனியை எடுத்து வாயில் போட்டாள்.

"உப்பு இல்லை," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காவல் கரடி போட்டோ எடுத்தது. அந்த ஊர்க்காரர்கள் முத்துக்கருப்பனுக்கு 'உத்தம மகன்' என்று பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள். அவனும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டான். போட்டோவை வாட்ஸ்அப்பில் வைத்து, அடியில் "அம்மாவுக்காக எதுவும்" என்று எழுதினான்.

விசா முடிந்ததும் மகனே கூட வந்து ஊரில் விட்டான். இறங்கின இடத்திலும் நாற்காலி தயாராக இருந்தது. குரங்கு தள்ளிக்கொண்டு போகும்போது, புறப்படுகிற வரிசை இந்தப் பக்கமாகத் தெரிந்தது. ஆமை அங்கேயே நின்றார்.

"என்னம்மா, மலை எப்படி இருந்துச்சு?"

"நல்லா வெள்ளையா இருந்துச்சுங்க. நீங்க இன்னும் கிளம்பலையா?"

"கிளம்பிட்டேம்மா. இந்தா, இந்தத் தூணைத் தாண்டிட்டேன்."

கால் வீக்கம் முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. இந்த இடத்தில் மருதாயி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்திருந்தால் கதை எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அவளுக்கும் அது தோன்றாமல் இல்லை. கைப்பிடியை அழுத்தி எழக்கூடப் பார்த்தாள்.

"அம்மா, நடந்தா கண்டுபிடிச்சுடுவாங்க," என்று காதில் ரகசியம் சொன்னான் மகன். அது ஏர்போர்ட் முழுக்கக் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மருதாயி மறுபடியும் சாய்ந்து உட்கார்ந்தாள். "காலைப் பார்த்துக்குங்கய்யா," என்று ஆமையிடம் உண்மையான அக்கறையோடு சொன்னாள். பிறகு குரங்கிடம், "கொஞ்சம் வேகமாத் தள்ளுப்பா, வெளியே வேன் நிக்குது," என்றாள்.

நீதி: கால் நன்றாக இருக்கும்போதே நாற்காலியில் உட்கார்ந்துவிடுங்கள். நிஜமாகவே கால் வலிக்கிற காலத்தில் நாற்காலி தீர்ந்துபோயிருக்கும்.